மூன்றடித் தொட்டிக்கு எந்த மீன்? வாசகர் கேள்வி–பதில்

வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடுத்தர அளவுத் தொட்டி வைத்திருப்பவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். எல்லாமே நன்னீர் மீன்களைப் பற்றியவை.

கேள்வி: 36 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறேன். எத்தனை மீன் விடலாம்? ஓர் அங்குல நீள மீனுக்கு ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீர் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கு சரியா?

பதில்: முதலில் உங்கள் தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பார்த்துவிடுங்கள். மூன்று அளவுகளையும் அங்குலத்தில் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உங்களுடையது 106 லிட்டர். ஆனால் மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் ஒன்றரை அங்குலம் மணல் போட்டால் சுமார் 85 லிட்டர்தான் நிற்கும். மருந்து ஊற்றுவதானாலும் மீன் விடுவதானாலும் இந்த 85ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 106 லிட்டருக்கான மருந்தை 85 லிட்டரில் ஊற்றினால் கால் பங்கு கூடிவிடும்.

அங்குலக் கணக்கு சின்ன மீன்களுக்கு ஓரளவு ஒத்துவரும். பெரிய மீன் என்றால் அடியோடு தப்பாகிவிடும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஓர் அங்குல மீன் பத்தும், பத்து அங்குல மீன் ஒன்றும் நீளக் கணக்கில் சமம். எடையில் பார்த்தால் அந்த ஒரு மீன், பத்துச் சின்ன மீன்களும் சேர்ந்த எடையைப்போல் நூறு மடங்குக்குப் பக்கத்தில் வரும். அது தின்பதும் கழிப்பதும் அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே எத்தனை என்று கேட்பதற்கு முன், வாங்கப்போகும் மீன் வளர்ந்தால் எவ்வளவு நீளமாகும் என்று கேளுங்கள். கடையில் இரண்டு அங்குலத்தில் மினுமினுக்கும் குட்டிகளில் பல, முழு வளர்ச்சியில் உங்கள் தொட்டியின் அகலத்தைவிட நீளமானவை. ஆஸ்கர் 30 செ.மீ. தாண்டும். சில்வர் ஷார்க்கும் டின்ஃபாயில் பார்பும் 35 செ.மீ. வரை போகும். சுறா என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. உங்கள் தொட்டியின் அகலமோ 30 செ.மீ.தான், இவை திரும்பக்கூட இடம் இருக்காது.

இந்தத் தொட்டிக்கு வளர்ந்தபின் 7 செ.மீ.க்குள் நிற்கும் மீன்களே பொருத்தம். விதிவிலக்காக ஒன்றிரண்டு 10–12 செ.மீ. மீன்கள் இருக்கலாம். தண்ணீர் மிகக் கடினமாக இல்லையென்றால் நாங்கள் சொல்லும் கூட்டணி இது: நடு மட்டத்தில் நீந்த ஹார்லிக்வின் ரஸ்போரா 10, அடியில் மேய வெண்கல நிறக் கோரிடோரஸ் 6, மேல் மட்டத்துக்குத் தேன் நிறக் கௌராமி ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், கண்ணாடியைச் சுரண்ட ஒரு பிரிஸ்டில்நோஸ் சக்கர். மொத்தம் இருபது மீன். 24–26 டிகிரி செல்சியஸ் இவை நான்கிற்கும் ஒத்துவரும். ஒன்றின் வாலை இன்னொன்று கடிக்காது, ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று போகாது. ரஸ்போரா கிடைக்காவிட்டால் செர்ரி பார்ப் விடலாம். அதில் ஆண் செக்கச்செவேல் என்றும் பெண் பழுப்பாகவும் இருக்கும். சிவப்பாக இருக்கிறதே என்று ஆணை மட்டும் பொறுக்கி வாங்காமல் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று சேருங்கள். ஆண் பெண்ணைத் துரத்தும் தொல்லை பல மீன்களுக்கிடையே பிரிந்துவிடும்.

கூட்டமாக வாழும் மீன்களில் ஆறுக்குக் குறைந்து விடாதீர்கள். வகைக்கு இரண்டாக ஏழு வகை வாங்குவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்வது. கலர் கலராக இருக்கும், உண்மைதான். ஆனால் துணையில்லாத ரஸ்போராவும் டெட்ராவும் மூலையில் ஒதுங்கி, நிறம் வெளுத்து, தீனிக்குக்கூட வெளியே வராது. அதே மீன் பத்தாக இருந்தால் தொட்டியின் நடுவில் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டர் 700 காட்டுகிறது. நியான் டெட்ரா விட்டேன், ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. பி.எச். குறைக்கும் திரவம் ஊற்றியும் பலனில்லை.

பதில்: அந்தத் திரவத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடின நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள் அமிலத்தை உடனே சமன் செய்துவிடும். காலையில் இறங்கிய பி.எச். (தண்ணீரின் அமில–கார அளவு) மாலைக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மீண்டும் ஊற்றுவீர்கள், மீண்டும் ஏறும். மீன்கள் 7.8இல்கூடப் பழகிக்கொள்ளும், ஒரே நாளில் ஏறி இறங்கும் பி.எச்.சுக்குப் பழகவே முடியாது.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் சோடியம் உப்பும் சேரும். மீனுக்கு முக்கியம் கால்சியம், மக்னீசியம் இரண்டும் தரும் கடினத்தன்மை. அதைச் சொட்டு மருந்து போல் விட்டுப் பார்க்கும் ஜி.எச். டெஸ்ட் கிட்டில் அளக்கலாம். அதில் ஒரு டிகிரி என்பது 17.9 பி.பி.எம். (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்). நியான் டெட்ரா 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். உங்களுடையது 15, 20 டிகிரி காட்டினால் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம்: தண்ணீருக்கேற்ற மீன் வளர்ப்பது. கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வார்டு டெயில் எல்லாமே கடின நீரில் செழிப்பவை. மோலி மென்னீரில்தான் நோஞ்சானாகிறது. துடுப்பைச் சுருக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே உடலை ஆட்டும். குட்டை ரெயின்போ மீன் இன்னொரு நல்ல தேர்வு. 6–7 செ.மீ. நீளம், நீல உடல், சிவப்புத் துடுப்பு. எட்டு மீன் உங்கள் தொட்டியை நிறைத்துவிடும். கொஞ்சம் வித்தியாசமாக வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவின் டாங்கனீகா ஏரியில் வாழும் சங்குவாழ் சிக்லிட் இருக்கிறது. ஐந்து செ.மீ.கூட வளராத மீன். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருந்து, வாயால் மணலை அள்ளி அள்ளி வாசலைச் சுற்றிப் பள்ளம் தோண்டும். மூன்றங்குலம் மணல், ஒரு மீனுக்கு இரண்டு மூன்று ஓடு, பி.எச். 8க்கு மேல், இவ்வளவுதான் அது கேட்பது. அதனுடன் வேறு மீன் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வழி ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பது. ஒரு பங்கு கிணற்று நீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. என்றால் கடினத்தன்மை மூன்றில் ஒன்றாகும். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் மாற்றும்போது இதே விகிதம் தவறக் கூடாது. வெறும் ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் பி.எச்.சைப் பிடித்து நிறுத்த எந்த உப்பும் இல்லாததால், சில வாரங்களில் தொட்டி அமிலமாகி பி.எச். சரசரவென இறங்கிவிடும்.

கேள்வி: தொட்டியை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஃபில்டர் போட்டு, மறுநாளே 15 மீன் விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒன்று சாகிறது. தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: அம்மோனியா. அதற்கு நிறமில்லை; மீன் சாகும் அளவில் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கெடுதல் இல்லை. வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டியில் இன்னும் அவை இல்லை. போதாததற்கு, தண்ணீரின் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கடின நீர்த் தொட்டிகளில் புது மீன்கள் சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது உயிரோடு இருப்பவற்றைக் காப்பாற்ற: தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கி சேர்த்திருக்க வேண்டும். வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். தீனியை இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0.25 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கும்வரை இது தொடரட்டும். ஃபில்டர் பஞ்சை மட்டும் கழுவாதீர்கள். அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று பிழிந்து வைப்பவர்கள், வளரத் தொடங்கிய பாக்டீரியாவைக் குளோரினால் கொன்றுவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்குகிறார்கள். பஞ்சு அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்தால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

இனித் தொடங்குபவர்கள் மீனில்லாமலே தொட்டியைப் பழக்கிவிடலாம். ஃபில்டர் ஓட, 26–28 டிகிரியில், வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலைச் சேர்த்து 2 பி.பி.எம். வரை கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு மட்க விடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். 2 பி.பி.எம். சேர்த்து 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பழைய ஃபில்டர் பஞ்சை வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால், இந்தக் காத்திருப்பு ஓரிரண்டு வாரமாகச் சுருங்கிவிடும். அதன்பிறகும் இருபது மீனையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் ஆறு, பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து அடுத்த ஆறு.

கேள்வி: டைகர் பார்ப் நான்கும் கப்பி ஆறும் சேர்த்து விட்டேன். கப்பிகளின் வால் கந்தலாகிவிட்டது. நோயா?

பதில்: நோயில்லை, கடி. ஓரம் நேராகவோ அரைவட்டமாகவோ பிய்ந்திருந்தால் கடி. ஓரத்தில் வெள்ளைப் படலத்தோடு நாளுக்கு நாள் கரைந்தால் வால் அழுகல். உங்களுக்கு முதலில் வந்தது கடி. அப்படியே விட்டால் அந்தப் புண்ணில் அழுகலும் பிடிக்கும்.

டைகர் பார்புக்குத் தங்கள் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்று துரத்திக்கொண்டே இருப்பதுதான் வாழ்க்கை. பத்து இருந்தால் அந்தத் துரத்தல் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். நான்குதான் என்றால் பக்கத்தில் மெதுவாக ஆடிக்கொண்டு போகும் நீளத் துடுப்பைத் தேடிப் போகும். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி எதையும் இவற்றோடு சேர்க்காதீர்கள். கப்பிகளை இன்றே பிரித்துவிடுங்கள். டைகர் பார்பைப் பத்தாக்கி, விறுவிறுவென்று நீந்தும் ஜீப்ரா டேனியோ ஆறும் ஒரு பிரிஸ்டில்நோஸும் சேர்த்தால் அதுவே ஒரு முழுத் தொட்டி. இந்தக் கூட்டத்துக்கு 24 டிகிரி போதும்.

கேள்வி: ஏஞ்சல் மீனும் நியானும் ஒன்றாக இருக்கலாம் என்று படித்தேன். ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தன. இப்போது தினம் ஒரு நியான் காணாமல் போகிறது.

பதில்: ஆறு மாதத்தில் ஏஞ்சலின் வாய் வளர்ந்துவிட்டது. நியான் 4 செ.மீ.கூட வராத ஒல்லி மீன். ஏஞ்சல் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் சிக்லிட் இனம். வாய்க்குள் போகும் எதையும் விழுங்கும். பெரும்பாலும் விளக்கு அணைந்தபின், நியான்கள் அசையாமல் நிற்கும்போது பிடித்துவிடும். இனி உடல் அகன்ற வளர்ந்த ரஸ்போரா, கோரிடோரஸ் போன்றவற்றைத் துணைக்கு வையுங்கள். கறுப்பு விடோ டெட்ரா அளவில் பொருந்தும் என்றாலும் துடுப்பைக் கொறிக்கும், அது வேண்டாம்.

உயரத்தையும் பாருங்கள். வளர்ந்த ஏஞ்சல் மேல்துடுப்பு நுனியிலிருந்து கீழ்த்துடுப்பு நுனி வரை 20 செ.மீ.க்கு மேல் இருக்கும். 15 அங்குலத் தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக முப்பது செ.மீ. தண்ணீர்தான் மிஞ்சும். 18 அங்குல உயரமாவது இருந்தால்தான் ஏஞ்சலுக்கு இடம் போதும். ஆறு குட்டிகளாக வாங்கினால் அவற்றில் ஒரு ஜோடி சேர்ந்து முட்டையிடத் தொடங்கும். அன்றைக்கு அந்த ஜோடி தொட்டியில் பாதியை வளைத்துக்கொண்டு மற்ற நான்கையும் மூலைக்கு விரட்டும். மற்றவற்றை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பாசியைத் தின்னும் என்று ஒரு சக்கர் மீன் வாங்கினேன். இப்போது ஓரடி நீளம். பாசியும் குறையவில்லை.

பதில்: சாதாரண சக்கர் 30 செ.மீ.யில் நிற்காது, அதற்கும் மேல் வளரும். குட்டியில் பாசி சுரண்டும். வளர்ந்தபின் மற்ற மீன்களின் தீனிக்குப் பழகிவிடும். கயிறு கயிறாக அது கழிக்கும் கழிவே நைட்ரேட்டைக் கூட்டி, பாசிக்கு உரமாகிவிடும். இரவில் தட்டை உடல் கொண்ட ஏஞ்சல் போன்றவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு உடல் வழவழப்பை உறிஞ்சும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ ஒப்படையுங்கள். ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். பல நாடுகளின் நீர்நிலைகளில் இந்த மீன் இப்படித்தான் புகுந்து, கரையில் வளை தோண்டிப் பெருகி, அங்கிருந்த மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

பாசிக்கு மருந்து விளக்கைக் குறைப்பதுதான். நாளுக்கு 6–8 மணி நேரம் போதும். டைமர் வைத்துவிட்டால் மறதி இல்லை. நேர் வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். வாரம் 25–30 சதவீதம் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 20 பி.பி.எம். அளவில் வையுங்கள். உதவிக்கு மீன் வேண்டுமென்றால் 12 செ.மீ.யில் நின்றுவிடும் பிரிஸ்டில்நோஸ் போதும். ஆணுக்கு மூக்கின்மேல் முள்தாடி போலக் கிளைகள் இருக்கும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான். கொறிக்க ஒரு மரக்கட்டையும், வாரம் இரண்டு முறை வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டும் கொடுங்கள்; மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். நெரைட் நத்தையும் நன்றாகச் சுரண்டும். நன்னீரில் அதன் குஞ்சு பிழைக்காது என்பதால் பெருகிவிடுமோ என்ற பயமில்லை; கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக முட்டைப் பொட்டு வைப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தங்கமீனையும் கப்பியையும் ஒன்றாக விடலாமா?

பதில்: வேண்டாம். தங்கமீனுக்கு 18–23 டிகிரி இதம், கப்பிக்கு அதைவிடச் சூடு வேண்டும். வளர்ந்த தங்கமீன் சின்னக் கப்பியை விழுங்கும். கழிவும் மிக அதிகம். 85 லிட்டர் தண்ணீரில் உருண்டை உடல் தங்கமீன் இரண்டு, வேறெதுவும் இல்லாமல், நல்ல ஃபில்டரோடு வளர்க்கலாம். நீள உடல் வகை இந்தத் தொட்டிக்குப் பெரிது.

கேள்வி: கப்பி பெருகாமல் வளர்க்க வழியுண்டா? பெண் மீன்களை மட்டும் வாங்கினேன்; அவையும் குட்டி போடுகின்றன!

பதில்: கப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்துவைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆண் முகத்தையே பார்க்காமல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருபது முப்பது குட்டி போடும். நீங்கள் வாங்கியவை கடைத் தொட்டியிலேயே சேர்ந்தவை.

ஆண்களை மட்டும் வளர்ப்பதே எளிய வழி. வண்ண வால்கள் எல்லாம் அவற்றுக்குத்தான். வயிற்றின் அடியில், ஆசனவாய்க்குப் பின்னால் உள்ள துடுப்பைப் பாருங்கள்: விசிறி போல விரிந்திருந்தால் பெண், குச்சி போல ஒடுங்கிப் பின்னோக்கி மடிந்திருந்தால் ஆண். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்தால் சச்சரவு குறைவு. மூன்று நான்கு என்றால் ஒன்றையே குறிவைத்து விரட்டும். இரண்டு பாலும் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று வையுங்கள், குட்டிகளைத் தனியே பிரித்து வளர்க்காதீர்கள். பெரும்பாலானவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். பிளாட்டியும் ஸ்வார்டு டெயிலும் ஒன்றோடொன்று கலந்து குட்டி போடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிறது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பதில்: ஆக்சிஜன் பற்றாக்குறை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி, முன்பைவிட அதிக ஆக்சிஜன் கேட்கும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் நிலைமை மோசமாகும்.

ஏர் பம்பை இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஃபில்டரின் வெளிவாய் தண்ணீர்ப் பரப்பைக் கலக்கும்படி திருப்புங்கள். காற்றுக் குமிழியைவிடப் பரப்பு கலங்குவதே ஆக்சிஜனைச் சேர்க்கிறது. மூடியைத் திறந்து, வலை போட்டு மறைத்து, சிறிய மின்விசிறியைப் பரப்பின்மேல் வீச விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். தண்ணீர் ஆவியாகிப் போவதால் குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் இதற்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. நீர் சரி. பகலில் தீனியைப் பாதியாக்குங்கள். பனிக்கட்டியைத் தொட்டிக்குள் போட வேண்டாம். சட்டென்று நான்கைந்து டிகிரி இறங்கினால் வெண்புள்ளி நோய்க்கு வழி திறக்கும்.

ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தான் என்றால் மீனையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது. கௌராமி வகைகள் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை, சூட்டைத் தாங்கும். கார்டினல் டெட்ரா, ஏஞ்சல், மோலி, கோரிடோரஸில் ஸ்டெர்பாய் வகை ஆகியவையும் 28–29 டிகிரியில் சங்கடப்படாது. தங்கமீன், நியான், ஜீப்ரா டேனியோ, மிளகுப்புள்ளிக் கோரிடோரஸ், ஒயிட் கிளவுட் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபைட்டர் ஆண் ஒன்றைப் பொதுத் தொட்டியில் விடலாமா?

பதில்: ஒன்றே ஒன்று என்றால் விடலாம், நீரோட்டம் மெதுவாக இருந்தால். கோரிடோரஸும் ரஸ்போராவும் நல்ல துணை. பெரிய வால் கப்பியைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று பாயும், கௌராமியோடும் ஒத்துப்போகாது.

கேள்வி: கண்ணாடி போன்ற உடலில் ஊதா, பச்சை, சிவப்பு என்று ஒளிரும் மீன்கள் விற்கிறார்கள். நீண்டநாள் வாழுமா?

பதில்: எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கண்ணாடி மீனிலும் வெள்ளை விடோ டெட்ராவிலும் தெரியும் வண்ணங்கள் பெரும்பாலும் ஊசியால் ஏற்றியவை, அல்லது உடல் வழவழப்பை நீக்கிச் சாயத்தில் முக்கியவை. அதிலேயே பல செத்துவிடும். பிழைத்தவற்றிலும் சில மாதங்களில் சாயம் வெளுத்துப்போகும். வாங்காதீர்கள், வாங்க ஆளில்லாவிட்டால் குத்தவும் மாட்டார்கள். ஒளிரும் ஜீப்ரா டேனியோ வேறு. அது ஜெல்லி மீன், பவளம் ஆகியவற்றின் ஒளிரும் புரத மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய இனம். நிறம் பிறவியிலேயே உண்டு, வெளுக்காது. சில நாடுகளில் அதை விற்கத் தடை இருக்கிறது.

கேள்வி: கடையில் நல்ல மீனை எப்படிப் பார்த்து வாங்குவது? வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தொட்டியில் விட்டுவிடலாமா?

பதில்: தனி மீனைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தொட்டியைப் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ, ஒன்றின்மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். பிறகு மீனைக் கவனியுங்கள்: துடுப்பு விரிந்திருக்க வேண்டும், வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது, செவுள் படபடக்கக் கூடாது, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கக் கூடாது. கோரிடோரஸ் என்றால் மீசை முழுதாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கூர்மையான சரளையில் உரசி மழுங்கியிருந்தால் அது சரியாகத் தீனி தேடாது. தீனி போடச் சொல்லி, அது ஓடிவந்து தின்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டில் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, பிரதான தொட்டியிலேயே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு இவ்வளவு இருந்தால் போதும். புது மீனை அதில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். பையை மூடியபடி 15 நிமிடம் டப்பில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் டப் தண்ணீரைச் சேர்த்து, பைத் தண்ணீர் இரண்டு மடங்கானதும் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பையின் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாரங்களில் வெண்புள்ளி வந்தால் நல்லது, டப்போடு போயிற்று. மருந்து மீனின் மேல் ஒட்டியிருக்கும் புள்ளியைத் தொடாது. அது உதிர்ந்து, அடியில் பிளந்து, நீந்திவரும் கட்டத்தில்தான் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் அந்தச் சுற்று சீக்கிரம் முடியும். காற்றையும் கூட்டி வையுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். கோரிடோரஸுக்கும் கெளுத்தி வகைகளுக்கும் மாலகைட் கிரீன் மருந்தைப் பாதி அளவில் கொடுங்கள்.